அம்பாசிடர் மார்க் 2: ரெவ் ஏற்றினால் சார்ஜ் லைட் திரும்ப எரிகிறது

கேள்வி:
12 வோல்ட், லூகாஸ் டைனமோ, ஆர்பி 106 ரெகுலேட்டர் பாக்ஸ் (டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி). ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சிவப்பு லைட் மங்கி அணைகிறது. இன்னும் மிதித்தால் முன்பைவிடப் பளிச்சென்று எரிகிறது. பேட்டரியில் 12.1 வோல்ட்டைத் தாண்டவில்லை. பெல்ட், கார்பன் பிரஷ் இரண்டும் புதுசு. டைனமோவை ரீவைண்டிங் கொடுக்கச் சொல்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் சார், டைனமோ நன்றாக இருக்கிறது. அந்த லைட்டுக்கு ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரி, மறுபக்கம் டைனமோவின் டி முனை (கரண்ட் வெளியே வரும் முனை). இரண்டிலும் வோல்ட் சமமானால் அணையும். டி அதையும் தாண்டி ஏறினால் கரண்ட் எதிர்ப்பக்கமாக ஓடி மறுபடி எரியும். ரெகுலேட்டர் பாக்ஸில் இருக்கும் கட்அவுட் (டைனமோவை பேட்டரியோடு சேர்க்கும் தானியங்கி சுவிட்ச்) ஒட்டினால் இந்த வித்தியாசமே வராது. 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை.

முதலில் பாக்ஸின் ஈ முனையை, அதாவது எர்த் முனையைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஈ திருகுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். வோல்ட் காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது. எர்த் போனால் கட்அவுட் காயிலோடு ரெகுலேட்டர் காயிலும் செத்துவிடும், டைனமோவுக்குக் கடிவாளமே இல்லை. ரெவ் ஏற்றியபடி வைத்திருந்தால் டைனமோவின் நல்ல ஃபீல்டு காயிலும் (காந்தப்புலம் தரும் சுருள்) கருகும். அப்புறம் நிஜமாகவே ரீவைண்டிங்தான்.

பதில் 2:
எர்த் சரி என்றால் கட்அவுட் பாயின்ட்டை (ஒட்டிப் பிரியும் தொடுமுனை) பாருங்கள். பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு, நைஸ் உப்புத்தாளை நடுவில் விட்டு மெல்ல இழுங்கள், ஸ்பிரிட்டால் துடையுங்கள். எமரி தாள், கார்போரண்டம் கல் கூடாது. அந்தக் கல் ரெகுலேட்டர் பாயின்ட்டுக்கு மட்டும். அட்ஜஸ்ட் திருகுகளில் கை வைக்காதீர்கள்.

டைனமோவில் இன்னும் சந்தேகமா? டி, எஃப் (ஃபீல்டு முனை) கம்பிகளைக் கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் வையுங்கள். ஐட்லிங்கிலிருந்து மெதுவாக ஏற்றினால் முள் துள்ளாமல் ஏறணும். 20 வோல்ட்டில் நிறுத்திவிடுங்கள். 1 வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டில் பழுது, 4–5 என்றால் ஆர்மேச்சரில் (உள்ளே சுழலும் சுருள்).

கேட்டவர்:
ஈ கம்பிதான்! லக் (கம்பி நுனியில் திருகு மாட்டும் வளையம்) கழுத்தில் செம்பு முறிந்து, மேல் உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. புது லக் போட்டதும் ரெவ்வில் 14.3. ஐட்லிங்கில் லைட் இன்னும் லேசாக எரிகிறதே?

பதில் 1:
அது டைனமோவின் சுபாவம். அந்த வேகத்தில் கட்அவுட் ஒட்டுகிற அளவு வோல்ட் வராது. கொஞ்சம் மிதித்ததும் அணைந்தால் போதும். சிக்னலில் ஹெட்லைட்டை அணைத்து வையுங்கள்.