மே 26: ஆச்சிக்கு வெண்டைக்காய் மண்டி

அன்புள்ள பள்ளத்தூர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். மே 26 வருகிறது. ஆச்சி மனோரமாவின் பிறந்த நாள். அதை ஒட்டி வரும் சனிக்கிழமை நம் குழுவில் இருக்கும் எல்லோர் வீட்டிலும் ஒரே சமையல், ஒரே படம் என்று வைத்துக்கொள்ளலாமா? இதைக் கேட்கத்தான் இந்த மடல். கேட்பதோடு விடாமல் சமையல் குறிப்பையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

இந்த எண்ணம் வந்ததற்கு என் மகள் காரணம். மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவள். போன மாதம் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டிருந்தேன். ஆச்சி நடித்த ஜில்ஜில் ரமாமணி, நாயனக்காரர் சிக்கலாரிடம் போய் இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று கேட்கிற இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். “இவங்க நம்ம ஊர்ல வளர்ந்தவங்க” என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, “நம்ம ஊருன்னா? அப்பத்தா வீடு இருக்கிற ஊரா?” என்று கேட்டாள். பதினான்கு வருடமாக அவளுக்கு இட்லியும் சாம்பாரும் ஊட்டியிருக்கிறேன், கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். இதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். பிள்ளைகளுக்காக மறுபடியும் எழுதுகிறேன். 1937இல் மன்னார்குடியில் பிறந்தபோது அவர் பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்ட நிலையில், அம்மா ராமாமிர்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் நம் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்துதான் மகளை வளர்த்தார். அம்மாவின் உடம்பு நலிந்தபோது மகளின் படிப்பு பாதியில் நின்றது. 12 வயதில் மேடை ஏறினார். நாடகக் குழுக்களில் அலைந்து, எஸ்.எஸ்.ராஜேந்திரனின் குழுவில் பெயர் வாங்கி, 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் திரைக்கு வந்தார். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் அவர் இல்லாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. ஆயிரம் படங்களைத் தாண்டி 1985இல் கின்னஸில் இடம் பிடித்தார். 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10ஆம் தேதி சென்னையில் காலமானார்.

எனக்கு அந்தப் படக்கணக்கைவிட ‘ஆச்சி’ என்ற பெயர்தான் பெரிது. நம் பக்கம் ஆச்சி என்றால் யார்? பெரிய வீட்டுக்கு உரியவர், இடுப்பில் சாவிக்கொத்தோடு முற்றத்தில் நிற்பவர், யாருக்கு எத்தனை படி அரிசி என்று முடிவு செய்பவர். அப்படிப்பட்ட வீடுகளில் பாத்திரம் தேய்த்து, முற்றம் கூட்டிய ஒரு தாயின் மகளைத் தமிழ்நாடு முழுவதும் ஆச்சி என்று கூப்பிட்டது. அவரும் அதை இறுதிவரை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். என் அப்பத்தாவும் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடப் போனவர். அடுப்படியிலிருந்து கிளம்பி வந்த ஒரு பெண்ணை ஊரே அந்தப் பெயரால் கூப்பிட்டது என்று நினைக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவருடைய பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? 1968 ஒரே வருடத்தில், ‘தில்லானா மோகனாம்பா’ளில் நாடகக் கொட்டகைப் பெண்ணின் பேச்சு. ‘பொம்மலாட்ட’த்தில் அசல் மெட்ராஸ் பாஷை. ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ பாட்டைப் பாடியதும் அவர்தான். கொங்குப் பேச்சோ பிராமணப் பேச்சோ, எதைக் கொடுத்தாலும் அந்தந்த மண்ணின் ஆள் பேசுவது போலவே இருக்கும். காது கொடுத்துக் கேட்டவருக்குத்தான் அது வரும். வேலை செய்கிற வீட்டில் வாயைத் திறக்காமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காது அமைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, சமையலுக்கு வருகிறேன். அன்றைக்கு வெண்டைக்காய் மண்டி வைப்போம். கந்தரப்பம், மனகோலம், சீப்புச்சீடை மாதிரிப் பலகாரங்கள் எல்லாம் வேண்டாம். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மண்டிக்கு அரை மணி போதும். அரிசி களைந்த தண்ணீரைக்கூட வீணாக்காத ஒரு வீட்டுக்காரியின் புத்தியில் பிறந்த குழம்பு இது. ஆச்சிக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அரிசி. முதல் தடவை கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவது தடவை நன்றாகப் பிசைந்து கழுவி, அந்த வெள்ளைத் தண்ணீரில் இரண்டு தம்ளர் எடுத்து வையுங்கள். ஒரு சின்ன எலுமிச்சை அளவு புளியை அதிலேயே ஊறப்போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். பாசுமதி மட்டும் வாங்கும் வீடுகளில் தண்ணீர் நீர்த்துப் போயிருக்கும். ஒரு தேக்கரண்டி பச்சரிசி மாவைக் கரைத்துச் சேர்த்தால் சரியாகிவிடும்.

கால் கிலோ வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். சட்டியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, பெருங்காயம். வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், அடுப்பைக் குறைத்து வையுங்கள். பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு இரண்டையும் முழுசாகப் போட்டு வதக்கி, கீறிய பச்சை மிளகாய் ஆறு, ஒரு தக்காளி சேருங்கள். அப்புறம் வெண்டைக்காய். நூல் நூலாக வரும் கொழகொழப்பு நிற்கும்வரை வதக்கிய பிறகுதான் புளித்தண்ணீரை ஊற்ற வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். உப்புப் போட்டு, மூடாமல் கொதிக்கவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகக் கெட்டிப்படும். இறக்கும்போது நெல்லிக்காய் அளவு வெல்லம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

மிளகாய்த்தூள், மல்லித்தூள், தேங்காய் எதுவும் கிடையாது. காரம் பச்சை மிளகாயில், புளிப்பு புளியில், கெட்டி அரிசித் தண்ணீரில். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

உறைந்த வெண்டைக்காய்தான் கிடைக்கிறது என்றால் பனி விலக வெளியே எடுத்து வைக்காதீர்கள். அப்படியே சூடான எண்ணெயில் தனியாக வதக்கி எடுத்து, கடைசியில் சேருங்கள். வெண்டைக்காயே இல்லாவிட்டால் மாவற்றல், பலாக்கொட்டை, சேப்பங்கிழங்கு, மொச்சை எதிலும் வைக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். ‘மாலையிட்ட மங்கை’யைத் தயாரித்து ஆச்சியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் கவியரசர் கண்ணதாசன். நம் சிறுகூடல்பட்டிக்காரர். அவர் பிறந்த நாள் ஜூன் 24. அந்தப் படத்தில் ‘செந்தமிழ் தேன்மொழியாள்’ பாடி நடித்தவர் டி.ஆர்.மகாலிங்கம். அதே மகாலிங்கம் 1947இல் நடித்த ‘நாம் இருவர்’, காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். நிறுவனர் ஏ.வி.மெய்யப்பன் போட்ட ஸ்டுடியோவில் எடுத்த படம். மெய்யப்பனுக்குப் பிறந்த நாள் ஜூலை 28. மே, ஜூன், ஜூலை என்று மாதத்துக்கு ஒருவர். மூவரையும் நம் பக்கத்து மண் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. ஆகவே மே மாதத்தோடு நிறுத்தாமல் மூன்று மாதமும் செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கவியரசருக்கு வெள்ளைப் பணியாரம். ஒரு தம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே தம்ளரில் அரிசியின் மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாக நிற்கும் அளவு வையுங்கள். இந்த அளவுதான் சூத்திரம். அப்பத்தா கிண்ணம், கரண்டி எதுவும் பார்த்ததில்லை, இந்தக் கோபுரத்தைத்தான் பார்ப்பார். இரண்டு மணி நேரம் சேர்த்து ஊறவைத்து, தண்ணீரைக் குறைத்துத் தெளித்து வெண்ணெய் போல ஆட்டுங்கள். உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் பால். புளிக்க விடக்கூடாது, ஆட்டிய கையோடு சுட வேண்டும். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. உப்பி மேலே வந்ததும் திருப்பி, சிவக்கும் முன் எடுத்துவிடுங்கள். எண்ணெய் குடித்தால் உளுந்து கூடிவிட்டது என்று அர்த்தம், ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் போதும். தொட்டுக்கொள்ள வரமிளகாய், பூண்டு, தக்காளி, கொஞ்சம் புளி அரைத்த காரச் சட்னி.

கண்ணதாசன் கண்ணை மூடியது 1981 அக்டோபர் 17ஆம் தேதி, சிகாகோவில். தமிழ்ச் சங்க நிகழ்ச்சிக்காகப் போன இடம். ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் இருக்கிற நமக்கு அந்தத் தேதி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் உறைக்கும். சிகாகோவில் இருக்கும் நம் குடும்பங்கள் ஜூன் 24 அன்று ஒரு வீட்டில் கூடினால், மற்ற ஊர்க்காரர்கள் நாங்கள் காணொளி அழைப்பில் சேர்ந்துகொள்கிறோம். ஆளுக்கொரு பாட்டு பாட வேண்டும், பிள்ளைகள் உட்பட.

ஜூலை 28 ஆடியில் வருகிறது. அன்றைக்கு என்ன சமையல் என்று யோசிக்கவே வேண்டாம். ஆடிக்கூழ் என்றும் கும்மாயம் என்றும் நாம் சொல்வதுதான். ஒரு தம்ளர் உளுந்தோடு இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி. தனித்தனியாக வாசம் வர வறுத்து அரைத்துச் சலியுங்கள். ஒரு பங்கு மாவுக்கு, வெல்லமும் கருப்பட்டியும் சேர்த்து ஒன்றரைப் பங்கு, தண்ணீர் மூன்றரைப் பங்கு. இனிப்பைக் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். மாவை நெய்யில் லேசாகப் புரட்டி, கட்டி இல்லாமல் அதில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். நெய்யைச் சிறிது சிறிதாக விட வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் பதம்.

கிளறிக்கொண்டே ‘நாம் இருவர்’ பாட்டுகளைப் போட்டுவிடுங்கள். விடுதலை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ என்று டி.கே.பட்டம்மாள் பாடிய படம் அது. பாரதியின் அந்தப் பாட்டு நம் காரைக்குடியிலிருந்து கிளம்பித் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்குப் போனது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

மே மாதச் சனிக்கிழமைக்கு வசதியான நேரத்தை ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவர் எழுதினால் போதும், நான் தொகுத்து அனுப்புகிறேன். படம் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று வைத்திருக்கிறேன். வேறு படம் வேண்டும் என்பவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களில் யாராவது அந்தக் காலத்தில் ஆச்சியை மேடையில் பார்த்திருந்தால், அவர்களை அழைப்பில் உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். மண்டியை நாம் அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
மெல்போர்னிலிருந்து உங்கள் ஊர்க்காரி