ரெக்கார்டில் ஒரே 11:42 – மாணவர்களுக்கு மென்பொருள் போட்டுக்கொடுத்த அனுபவங்கள்

எங்கள் கல்லூரியில் இ.இ.இ. துறை லேப் சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன செமஸ்டரில் ரெக்கார்டு திருத்திக்கொண்டிருந்த மேடம் இரண்டு நோட்டுகளை என்னிடம் நீட்டினார். இரண்டிலும் ஒரே போடே வரைபடம் (அதிர்வெண் மாற மாற ஓர் அமைப்பின் வெளியீடு எப்படி மாறுகிறது என்று காட்டும் படம்). ஸ்கிரீன்ஷாட் மூலையில் இருந்த கடிகாரம்கூட இரண்டிலும் 11:42.

இரண்டாவது நோட்டுக்காரப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "லேப்டாப்ல மேட்லேப் இல்லையாம்மா?" என்று கேட்டேன். மேட்லேப் என்பது இந்த மாதிரி கணக்கும் வரைபடமும் போடும் கட்டண மென்பொருள். "சீனியர் அண்ணா பென் டிரைவ்ல கிராக் கொடுத்தாங்க சார். போட்டதுல இருந்து எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா மாறிடுச்சு" என்றாள். கிராக் என்றால் உரிமம் வாங்காமலே ஓடவைக்கும் திருட்டுப் பிரதி. மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. திட்டு விழும் என்ற பயம். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

வைரஸை நீக்கிவிட்டு, மேட்லேப் போலவே வேலை செய்யும் ஆக்டேவ் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தேன். இலவசம். அவளுடைய ஒன்றரை ஜிபி தினசரி டேட்டாவுக்குள் இறங்கிவிடும். மேட்லேபில் எழுதிய நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடும். முதல் தடவை டி.எஃப். (அமைப்பின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை உருவாக்கும் கட்டளை) வரியிலேயே பிழை காட்டியது, அவள் முகம் வாடிவிட்டது. அந்தக் கட்டளை அடங்கிய கண்ட்ரோல் பேக்கேஜை லோட் செய்யும் ஒரு வரியை மேலே சேர்த்ததும் வரைபடம் வந்தது. நான் சொல்லாமலேயே கெயினை (பெருக்க அளவை) 10லிருந்து 20 ஆக்கி ஓட்டிப் பார்த்தாள். வெளியீட்டின் அளவைக் காட்டும் மேக்னிட்யூட் கோடு 6 டெசிபல் மேலே ஏறியது, கோண வித்தியாசத்தைக் காட்டும் ஃபேஸ் கோடு அசையவில்லை. "சார், கிளாஸ்ல சொன்னது இதைத்தானா!" என்றாள்.

கட்டங்களை இணைத்து அமைப்பை ஓட்டிப் பார்க்கும் மேட்லேபின் துணை மென்பொருளான சிமுலிங்க் பயிற்சிகள் மட்டும் ஆக்டேவில் நடக்காது. அதற்கு மாலை ஐந்தரை வரை லேபைத் திறந்து வைக்கிறோம். இதே வகை இன்னொரு இலவச மென்பொருளான சைலேப் கற்க விரும்புபவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் வீடியோப் பாடங்களைக் காட்டுகிறேன், தமிழிலேயே கேட்கலாம்.

* * *

இன்னொருவரின் அனுபவம்: நான் சிவில் துறை. எங்களுக்குத் தலைவலி இனிஷியல்தான். வரைபட மென்பொருள் ஒன்று மாணவர்களுக்கு இலவசம், ஆனால் படிப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் மாணவன் ஒருவனுக்கு இருப்பதோ ஒரே பெயர், முன்னால் ஓர் எழுத்து. கடைசிப் பெயரில் அப்பா பெயரை முழுசாகப் போட்டான். அடையாள அட்டையில் இனிஷியல் மட்டும். இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள்.

அப்புறம் ஆபீசில் கேட்டு, படிவத்தில் உள்ளபடியே அப்பா பெயரை விரித்து எழுதிய போனஃபைடு (இங்கே படிக்கிறான் என்று கல்லூரி தரும் சான்று) வாங்கி ஏற்றினோம். மறுநாள் அனுமதி வந்தது. இப்போது வகுப்பு முழுவதற்கும் சேர்த்தே போனஃபைடு கேட்டுவிடுகிறேன், முதல் வாரத்திலேயே.