பாட்டி மோதிரத்தின் கல் உடைந்துவிட்டது: சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா? (அவசரம்)

அல்லிக்குளம்:
வணக்கம். பாட்டி விட்டுச்சென்ற மோதிரம் என் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நேற்று கதவுக் கைப்பிடியில் இடித்துக்கொண்டேன், கல் உடைந்துவிட்டது. நகை வேலை செய்பவர் ஒருவர், "கல்லைக் கழற்றித் தேய்த்துத் தருகிறேன்" என்கிறார். இன்னொருவர் தொடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நாளை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

கூழாங்கல்:
என்ன கல்?

நிழல்மரம்:
உடைந்தது என்றால் எப்படி? இரண்டாகப் பிளந்ததா, ஓரத்தில் சில்லு பெயர்ந்ததா, உள்ளே விரிசலா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கல்லைக் கொக்கிகள் பிடித்திருக்கின்றனவா, சுற்றிலும் தங்க விளிம்பு கவிந்திருக்கிறதா? அடிப்பக்கம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? முடிந்தால் படம் போடுங்கள்.

முதுமணி:
வந்துவிட்டது, இந்த வாரத்துப் பாட்டி மோதிரம். கல்லின் பெயர் இல்லை, நிறம்கூட இல்லை. மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் நிற்பீர்களா, தம்பி? பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள்.

அல்லிக்குளம்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். பச்சைக் கல், நீள்சதுரம். ஒரு மூலையில் கடுகளவு சில்லு போய்விட்டது. நான்கு கொக்கிகள், அடிப்பக்கம் திறந்திருக்கிறது. படம் எடுத்தால் மங்கலாகவே வருகிறது. நான் தம்பி அல்ல ஐயா, 54 வயதுப் பெண்.

எண்ணெய்த்துளி:
பச்சை என்றால் மரகதம்தான் சகோதரி, கவலையே வேண்டாம். எண்ணெய் ஏற்றினால் சரியாகிவிடும். மரகதத்துக்குத் தேவதாரு எண்ணெய் ஏற்றுவது காலங்காலமாக நடப்பது. என் காதணிக்கு அப்படித்தான் செய்தார்கள். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை.

நிழல்மரம்:
எண்ணெய் விரிசலுக்குள் புகுந்து அதைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். பெயர்ந்துபோன மூலையை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஆனால் இதிலிருந்து ஓர் எச்சரிக்கை எடுத்துக்கொள்ளலாம். மரகதமாக இருந்தால் மீயொலித் தொட்டியிலோ நீராவியிலோ கழுவ விடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியேறிவிட்டால், இத்தனை நாள் ஒளிந்திருந்த விரிசல்களெல்லாம் தலைகாட்டும்.

சும்மாவந்தவன்:
மரகதம் போய்க் கதவில் இடித்து உடையுமா? அதன் கடினத்தன்மை 7.5க்கு மேல். கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும்.

முதுமணி:
கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்குவது. அடியைத் தாங்குவது வேறு குணம். கடினத்தன்மையை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோ அளவுகோலில் 10 வாங்கும் வைரமே நான்கு திசைகளில் நேராகப் பிளக்கும். 6.5ஐத் தாண்டாத நெஃப்ரைட் ஜேட் என்ற பச்சைக் கல்லோ அடிக்கு அத்தனை எளிதில் மசியாது. இதையெல்லாம் நான் எத்தனை முறை எழுதுவது?

சும்மாவந்தவன்:
வைரத்தைச் சுத்தியலால் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

முதுமணி:
நெருப்பு சுடும் என்பதற்கும் கையை வைத்துத்தான் பார்ப்பீர்களா?

எண்ணெய்த்துளி:
ஜேடும் பச்சைதானே? அதற்கும் எண்ணெய் ஏற்றலாமா?

கூழாங்கல்:
அந்த அம்மா மோதிரத்தோடு காத்திருக்கிறார். சுத்தியலைக் கீழே வையுங்கள்.

அல்லிக்குளம் அவர்களே, இரண்டு கேள்விகள். கல்லின் மேல்முகம் அதிகம் தேய்ந்திருக்கிறதா, அடிப்பக்கமா? சில்லு பெயர்ந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் என்ன தெரிகிறது?

அல்லிக்குளம்:
மேல்முகம் இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. அடிப்பக்கம்தான் பட்டை விளிம்புகள் மழுங்கி, கீறலாகக் கிடக்கிறது. சில்லு போன இடத்தில் மேலே பட்டுநூல் போல ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டை ஒட்டி ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று குமிழிகள்.

கூழாங்கல்:
பொதுவாக மேசையிலும் சுவரிலும் உரசும் மேல்முகம்தான் முதலில் தேயும். உங்களுடையது தலைகீழாக இருக்கிறது. மேலே கெட்டியான ஒன்று, கீழே மெத்தென்ற ஒன்று என்று தோன்றுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏராளமாகச் செய்யப்பட்ட இரட்டைக் கல்லாக இருக்கலாம். நிறக் கண்ணாடியின் தலையில் மெல்லிய கார்னெட் துண்டை உருக்கி ஒட்டுவார்கள். கார்னெட் சிவப்புதான் என்றாலும், துண்டு அவ்வளவு மெல்லியது என்பதால் மேலிருந்து பார்த்தால் கண்ணாடியின் பச்சை மட்டுமே தெரியும்.

வெள்ளைத் தாளில் கல்லின் முகம் படும்படி மோதிரத்தைக் கவிழ்த்து வையுங்கள். மேலிருந்து நல்ல விளக்கு. கல்லின் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். கல்லைக் கழற்ற வேண்டியதில்லை.

நிழல்மரம்:
கூழாங்கல் சொல்வது சரியாக இருந்தால், தேய்ப்பதற்கு இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சில்லு மறையும் வரை தேய்த்தால் அந்த மெல்லிய சிவப்பு ஏடே போய்விடும், கையில் கண்ணாடிதான் மிஞ்சும். கொக்கி வேலைக்கு ஊதுகுழல் நெருப்பும் ஆகாது, கல் வெடித்துவிடும்.

உண்மையான மரகதமாகவே இருந்தாலும் அவசரம் வேண்டாம். தேய்த்தால் கல் சிறுக்கும், பழைய கொக்கிகளுக்குள் ஆடும், பிறகு மோதிரத்தையே மாற்றிக் கட்ட வேண்டிவரும். கடுகளவு சில்லுக்காக அத்தனை தூரம் நான் போகமாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. பெயர்ந்த மூலையில்தானே ஒரு கொக்கி உட்கார்ந்திருக்கும்? அது இன்னும் கல்லைப் பிடித்திருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த முறை சில்லு அல்ல, கல்லே விழும்.

முதுமணி:
கார்னெட் இரட்டைக் கல் என்றுதான் நானும் முதலிலேயே நினைத்தேன்.

சும்மாவந்தவன்:
கண்ணாடி என்று முதலில் எழுதியவன் நான். மேலே போய்ப் பாருங்கள்.

(இரண்டு நாள் கழித்து)

அல்லிக்குளம்:
சிவப்பு வளையம் தெரிந்தது. கல்லைத் தேய்க்கவில்லை. கொக்கி உண்மையிலேயே தூக்கிக்கொண்டுதான் இருந்தது. நகை வேலை செய்பவர் சூடு காட்டாமல் கையாலேயே அழுத்தி இறுக்கிக் கொடுத்தார். இன்று காலை அம்மா, "மரகதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். எல்லோருக்கும் நன்றி.

எண்ணெய்த்துளி:
நல்லது சகோதரி. எண்ணெய் ஏற்றினீர்களா?