‘டைனமிக் இன்டராக்‌ஷன்’: தமிழில் என்ன சொல்வது?

கையேட்டுப்பணி:
அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். காலர் (இடங்காட்டும் கழுத்துப்பட்டை) கட்டிய காட்டு விலங்குகளின் செயற்கைக்கோள் தரவை அலசும் கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘காலர்’ அப்படியே இருக்கட்டும். 2023இல் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்தபோதே ‘ரேடியோ காலர்’ எல்லார் வாயிலும் ஏறிவிட்டது.

சிக்கல் ஏழாம் அதிகாரத்தில், இரண்டு விலங்குகளின் நடமாட்டம் ஒன்றையொன்று பாதிப்பதைச் சொல்லும் ‘டைனமிக் இன்டராக்‌ஷன்’ பகுதியில். எடுத்துக்காட்டு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா. 1995, 1996இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட 31 ஓநாய்களின் வழிவந்தவையும், அங்குள்ள எல்க் மான்களும். மூன்று கருத்துகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: (1) இரண்டின் நடமாட்டப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது, (2) இரண்டும் ஒரே வேளையில் அருகருகே இருப்பது, (3) ஒன்றால் மற்றதன் போக்கு மாறுவது. (2)க்கும் (3)க்கும் ‘ஊடாட்டம்’ என்றே போட்டிருக்கிறேன். சரியா?

நன்னூலான்:
‘ஊடாட்டம்’ நல்ல சொல். ஊடு என்றால் நடு. ஊடாடுதல், நடுவே திரிதல், பழகுதல். தலைவி ஊடுகிற ஊடலோடு இதைக் குழப்ப வேண்டாம். தறியில் ‘ஊடும் பாவும்’ என்கிறோமே, அந்த ஊடு இதுவே. பாவை ஊடறுத்துச் செல்லும் இழை போல, மானின் தடத்தை ஓநாயின் தடம் ஊடறுக்கிறது. படமே சொல்லில் இருக்கிறது.

தடம்நோக்கி:
ஐயா, அந்தப் படம்தான் ஆபத்து. வரைபடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் சந்திப்பு என்று நினைப்பதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மான் செவ்வாயன்று கடந்திருக்கும், ஓநாய் வெள்ளியன்று. தறியில் காலம் இல்லை. தரவில் காலம்தான் எல்லாம்.

கையேட்டில் சேர்க்க வேண்டியது: இரண்டு காலர்களுக்கும் ஒரே கால அட்டவணை கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் கருவி செயற்கைக்கோள்களைத் தேடும் நேரத்தில் பதிவு சில நொடியோ நிமிடமோ தள்ளிப்போகும். அதனால் ‘50 மீட்டருக்குள், 5 நிமிடத்துக்குள்’ என்பது போல இரட்டை வரம்பு தேவை. மீட்டர் வரம்பு பிழையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மரச்செறிவில் ஒவ்வொரு கருவியும் 20 மீட்டர் தவறினால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் பிழை ஏறத்தாழ 28 மீட்டர். உயரத்தையும் சேர்த்து இடத்தைக் கணிக்க நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும். மூன்றே கிடைத்தால் பிழை இன்னும் வளரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பதிவு என்று வைத்துவிட்டு இடையில் நேர்கோடு இழுத்துச் சந்திப்புகளை எண்ணக் கூடாது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடும் ஓநாய் அந்த இடைவெளியில் 16 கி.மீ. சுற்றிவிட்டு வந்திருக்கலாம். அடிக்கடி பதியவைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். இந்தப் பேரத்தைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

மட்டுநகரான்:
இடையில் ஒன்று. வரைவில் எல்க்கை ‘மரை’ என்று போட்டிருக்கிறீர்கள். இலங்கையில் மரை என்றால் சாம்பர், நீங்கள் கடமான் என்பது. அக்கால வெள்ளைக்கார வேட்டைக்காரர் இங்கு சாம்பரை ‘எல்க்’ என்று எழுதினார்கள். குழப்பம் அங்கிருந்து வருகிறது. அமெரிக்க எல்க் வேறு இனம். வாபிட்டி என்றே எழுதுங்கள்.

கையேட்டுப்பணி:
மிக்க நன்றி அண்ணை, திருத்திவிட்டேன். இரண்டாவது கருத்துக்குச் சொல்? ஆங்கில மூலம் ‘என்கவுன்டர்’. அதை ஒலிபெயர்க்க வழியே இல்லை. தமிழ்ச் செய்தித்தாளில் அதற்குப் போலீஸ் சுட்டது என்றே பொருள்.

நன்னூலான்:
எதிர்ப்பாடு. எதிர்ப்படு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடானது போல, படு பாடானது. சிறிய சொல், பழைய சொல்.

தடம்நோக்கி:
கையேட்டைப் படிக்கும் வேட்டைத்தடுப்புக் காவலர் அதை ‘எதிர்ப்பு’ என்றுதான் படிப்பார். ‘முரண்பாடு’ காதில் ஒலிக்கும். மேலும், எதிரே வந்தால்தான் எதிர்ப்பாடு. பின்னால் 40 மீட்டரில் மோப்பம் பிடித்து வரும் ஓநாயை வாபிட்டி பார்த்ததா என்று தரவு சொல்லாது.

நன்னூலான்:
காலம்தான் உயிர் என்றால் ‘உடன்’ என்பதை விடக் கூடாது. மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் உண்டென்று பள்ளியிலேயே படித்தோம். ‘உடனிருப்பு’ என்று வைக்கலாம். ஒடு உருபு உயர்ந்ததன் பின் வரும் என்பது தொல்காப்பிய விதி: ‘அரசரொடு இளையர் வந்தார்.’ அப்படியானால் ஓநாயொடு மானா, மானொடு ஓநாயா?

தடம்நோக்கி:
இலக்கணக் கேள்வி போலத் தெரிந்தாலும் அதுவே மூன்றாம் கருத்தின் கேள்வி. யார் யாரை நோக்கி நகர்ந்தார்? தூரம் குறைந்தது என்ற ஒரே எண் இதைச் சொல்லாது. ஒவ்வொரு விலங்கின் அடுத்த அடியையும், அது எடுத்து வைத்திருக்கக்கூடிய வேறு அடிகளோடு ஒப்பிட வேண்டும்.

அதற்கு முன், அருகாமை தற்செயலா என்றும் பார்க்க வேண்டும். ஒரு விலங்கின் தடத்தை மட்டும் சில நாள்கள் தள்ளிவைத்து மறுபடி எண்ணுங்கள், இப்படிப் பலமுறை. உண்மை எண்ணிக்கை அவற்றைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால்தான் பேசலாம். நீர்நிலை ஒன்றே ஒன்று என்றால் இரண்டும் அங்கு வரத்தான் செய்யும். பதிவு விட்டுப்போன நேரங்களைச் ‘சந்திக்கவில்லை’ என்று கணக்கிடக் கூடாது. பள்ளத்தாக்கிலும் அடர்மரத்தடியிலும்தான் பதிவு அதிகம் விட்டுப்போகும். காலர் இல்லாத ஓநாய்கள் தரவில் இல்லவே இல்லை.

‘உடனிருப்பு’ எனக்கு உடன்பாடில்லை. மருத்துவமனையில் நோயாளியோடு இருப்பவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். ‘அணுக்கம்’ போதும், தூரத்தை மட்டும் சொல்கிறது, உறவைச் சொல்வதில்லை.

மட்டுநகரான்:
அணுக்கத்தில் காலம் இல்லையே. ‘உடன் அணுக்கம்’?

கையேட்டுப்பணி:
நாளை மாலை கோப்பு போய்விடும். பரப்புகளுக்கு ‘மேற்பொருந்தல்’, இரண்டாவதற்கு ‘உடனணுக்கம்’, மூன்றாவதற்கு மட்டும் ‘ஊடாட்டம்’. மூவர் ஆதரவு. முதல் வருகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன்.

நன்னூலான்:
தடுக்கவில்லை. ஆனால் அணுகு என்பதில் ஒன்று மற்றதை நோக்கிச் சென்ற வினை இருக்கிறது. யார் நகர்ந்தார் என்று தெரியாத இடத்துக்கு அதையே வைக்கிறீர்கள். என் வாக்கு இன்னும் உடனிருப்புக்கே. சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகவாவது போடுங்கள்.