நெருக்கடியான அடுக்களையைக் கூடத்தோடு திறந்துவிடலாமா?

கேள்வி (செங்கோட்டை):
எங்களுடையது, இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி, தெருவிலிருந்து கொல்லை வரை ஒரே நீளமாகச் செல்லும் பழைய மச்சு வீடு. அடுக்களை 7 அடிக்கு 9 அடி. பகலிலும் விளக்குப் போட வேண்டும். உறவினர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் சுவரைப் பார்த்தபடி தனியே நின்று சமைப்பது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. நடுச்சுவரை முழுவதும் எடுத்துவிடலாம் என்று ஒரு கொத்தனார் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். நம்பலாமா?

பதில் (தென்காசி):
மச்சின் மரக்கட்டைகள் எந்தச் சுவரில் தலை வைத்திருக்கின்றன என்று பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அவை பக்கச் சுவர்களில் படிந்திருந்தால் நடுச்சுவர் வெறும் தடுப்பாக இருக்கக்கூடும். அதன்மேல் உத்திரம் உட்கார்ந்திருந்தால் அது சுமை தாங்கும் சுவர். எப்படியானாலும் ஒரு பொறியாளர் நேரில் பார்த்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும். முழுச் சுவரையும் எடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சமையல் மேடையின் உயரமான 33 அங்குலம் வரை சுவரை விட்டுவிட்டு, அதற்கு மேல் 5 அடி அகலத்துக்குத் திறந்தாலே வெளிச்சமும் பேச்சும் உள்ளே வந்துவிடும். முதலில் இரு புறமும் முட்டுக் கொடுத்து, மேலே உத்திரம் ஏற்றி, அதன் பிறகே கீழே உடைக்க வேண்டும்.

பதில் (புளியரை):
காற்றை மறந்துவிடாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நம் வீடுகளை என்ன பாடுபடுத்தும் என்பது உங்களுக்கே தெரியும். நாங்கள் அடுக்களையைத் திறந்த ஆண்டு, மேற்குச் சுவரில் வைத்த புகைபோக்கி விசிறியைச் சாரல் காற்று எதிர்த்துத் தள்ளியதால், மிளகாய் தாளித்த நெடி முழுவதும் கூடத்துக்கே வந்தது. உங்கள் கொல்லை எந்தத் திசையில் இருக்கிறது?

கேட்டவர்:
மேற்கில்தான் அம்மா. வெளிச்சுவர் அது ஒன்றுதான்.

பதில் (புளியரை):
அப்படியானால் விசிறியை நம்பாமல், அடுப்புக்கு மேல் புகைக்கூடு வைத்து, அதன் குழாயை மச்சுக்கு மேலே கொண்டுபோய்த் தொப்பி போட்டு விடுங்கள். கொல்லைச் சுவரில் தரையை ஒட்டி ஒரு சிறு காற்றுத் துளையும் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். விட்டுவைக்கும் அரைச்சுவரின்மேல் கடப்பாக்கல்லைக் கூடத்துப் பக்கம் 1 அடி நீட்டிப் போடுங்கள். வருகிறவர்கள் அங்கேயே அமர்ந்து காய் நறுக்கிக் கொடுப்பார்கள், உங்கள் அம்மாவும் அவர்கள் முகம் பார்த்தே சமைப்பார்.