தாத்தா கம்ப்யூட்டர் ஆன் ஆகலை

குழு: ராஜம்மா வீட்டுப் பிள்ளைகள்

செவ்வாய், இரவு 8:06

லதா: எல்லாருக்கும் வணக்கம். இலக்கியா கல்யாணப் பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. கொள்ளுத்தாத்தா பேரும் ஊர் பேரும் சரியா யாருக்குத் தெரியும்?

செல்வி: கருப்பையா. மன்னார்குடி பக்கம்

ராஜம்மா பாட்டி: (குரல் பதிவு 1:12)

கார்த்தி: பாட்டி வீரையான்னு சொல்றாங்க. ஊரு ஒரத்தநாடு பக்கமாம். மீதி மாடு வித்த கதை

செல்வி: அம்மா, வீரையா உங்க பொறந்த வீட்டு ஆளும்மா. அப்பாவோட அப்பா கருப்பையாதான்

ரவி: எதுக்குச் சண்டை. அப்பா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சிருக்காரு. திறந்து பாத்தா தெரிஞ்சுடும்

லதா: அது ஸ்டோர் ரூமா வச்சிருக்கிற பாம் ஷெல்டர்ல அரிசி மூட்டைக்குப் பின்னாடி கெடக்கு

செல்வி: வீடு மாறும்போதே பழைய சாமான் எடுக்கிற காராங்குனிக்குக் கொடுக்கச் சொன்னேன்

ரவி: கொடுத்திருந்தா இன்னிக்கு யாரைக் கேக்கறது அக்கா

இலக்கியா: (படம்) இதுதானே? மேல பல்லி முட்டை இருக்கு 😭

கார்த்தி: நான் மாமா வீட்டுலதான் இருக்கேன். பிளக் போடவா?

மணியம்: போடாதே.

மணியம்: யாரும் சுவிட்சைத் தொடாதீங்க. எழுதிக்கிட்டு இருக்கேன்.

செல்வி: அண்ணன் வந்தாச்சு. இனிமே கவலை இல்ல

மணியம்: பொறுமையாப் படிங்க. பல வருஷம் சும்மா கிடந்த பெட்டியை எடுத்தவுடனே ஆன் பண்ணக்கூடாது. பின்பக்கம் கரண்டு ஒயர் சொருகுற இடத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதுல 115 இல்லேன்னா 230ன்னு தெரியும். நம்ம சிங்கப்பூர் கரண்டு 230 வோல்ட். அது 115ல இருக்கும்போது பிளக்கைப் போட்டா பவர் சப்ளை அந்த நிமிஷமே வெடிச்சுடும். பெட்டியைத் தூக்கி இறக்கும்போது யார் விரலாவது பட்டு அது நகர்ந்திருக்கலாம், அதனாலதான் சொல்றேன். அடுத்தது பெட்டி மூடியைக் கழட்டி மதர்போர்டுங்கிற பெரிய போர்டைப் பாரு. சின்ன உருளையா நிக்கிறதெல்லாம் கெப்பாசிட்டர். தலை தட்டையா இருந்தா நல்லது. உப்பியிருந்தாலோ, அடியில பழுப்பாக் கசிஞ்சிருந்தாலோ அப்படியே மூடிட்டு எனக்குப் போன் போடு. உள்ளே இருக்கிற பவர் சப்ளை டப்பாவைத் திறக்காதே. மானிட்டரைத் திறக்கவே திறக்காதே. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுக்குள்ள ஆளைத் தூக்கி அடிக்கிற அளவு மின்சாரம் நிக்கும்.

லதா: அய்யோ அத்தான், பிள்ளைங்களை விட்டுச் செய்ய வேணாம்

மணியம்: பயப்படாதே லதா. சொன்னதை மட்டும் செஞ்சாப் போதும்.

கார்த்தி: 230ல இருக்கு

கார்த்தி: (படம்) உருளை எல்லாம் தட்டை. தூசிதான் அரை கிலோ

மணியம்: வாயால ஊதாதே, எச்சில் படும். பெயிண்ட் அடிக்கிற பிரஷ் இருந்தா மெதுவாத் தட்டி விடு. உள்ளே கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இரும்புக் கூட்டைத் தொட்டுக்கோ.

செல்வி: லதா, முகூர்த்தப் புடவை தேக்கா கடையில பாத்தியே, எடுத்தாச்சா?

லதா: இல்ல அண்ணி. இலக்கிக்கு அந்த அரக்குப் பிடிக்கல

இலக்கியா: எனக்குப் பிடிச்சது அம்மாவுக்குப் பிடிக்கல. அதைச் சொல்லுங்க

கார்த்தி: போட்டாச்சு. ஒண்ணும் வரல. லைட் இல்ல, ஃபேன் இல்ல

ரவி: செத்துப் போச்சா?

மணியம்: அவசரப்படாதே தம்பி. மூணு பின் பிளக்குக்குள்ள ஃபியூஸ் இருக்கும். முதல்ல வேற ஒயரை மாத்திப் பாரு. ரைஸ் குக்கருக்குப் போடுற ஒயர் மாதிரிதான் இருக்கும், ஆனா அதை எடுக்காதே. உங்க வீட்டு மானிட்டர் ஒயரை எடு.

கார்த்தி: மாமாஆஆ ஃபேன் ஓடுது!!

ரவி: பலே

கார்த்தி: ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல. பீப் அடிக்குது (குரல் பதிவு 0:09)

மணியம்: கேட்டேன். ஒண்ணு நீளமா, ரெண்டு குட்டையா. நல்ல சகுனம். மதர்போர்டு உயிரோட இருந்தாத்தான் அந்தச் சத்தமே வரும். ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற புரோகிராம்தான் பயாஸ். அந்தக் காலத்து அவார்டு பயாஸ்ல ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா டிஸ்பிளே கார்டைக் கண்டுபிடிக்க முடியலைன்னு அர்த்தம். நீளமாவே திரும்பத் திரும்ப அடிச்சிருந்தா மெமரி. நம்ம ஊர்ப் புழுக்கத்துல கார்டோட தங்க முனையில ஒரு படலம் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கு. மானிட்டர் ஒயர் எந்தக் கார்டுக்குப் போகுதோ அதோட ஒரே ஒரு திருகைக் கழட்டி நேரா மேல தூக்கு, ஆட்டி இழுக்காதே. வெள்ளை அழிப்பானால ரெண்டு பக்கமும் லேசாத் தேய். துகளைத் துடைச்சுட்டுத் திரும்ப அழுத்தி உக்கார வை.

இலக்கியா: அழிப்பானா??

மணியம்: ஆமாம்மா. கடையில பிளாஸ்டிக் அழிப்பான் விக்கும்ல, அதேதான். உப்புத்தாள் கூடாது, தங்கப்பூச்சு போயிடும்.

லதா: மணி பத்தாகுது. கார்த்திக்கு நாளைக்கு கிளாஸ். மூடி வைங்க

செல்வி: ஆமா தம்பி கிளம்பு. கடைசி எம்ஆர்டி ரயிலை விட்டுடாதே

மணியம்: திறந்தபடியே வச்சுட்டுப் போ. ராத்திரி ஏர்கான் ஓடுற ரூம்ல இருக்கட்டும், ஈரம் காயும்.

ரவி: அது எங்க ரூம்

மணியம்: ஒரு ராத்திரிதானே தம்பி. அப்பாவோடது.

புதன், மாலை 6:51

கார்த்தி: வந்துட்டேன். அழிப்பான் போட்டாச்சு. படம் வந்துடுச்சு மாமா (படம்)

மணியம்: சீமாஸ் செக்சம் எரர். எதிர்பார்த்ததுதான். மதர்போர்டுல வெள்ளிக்காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்து போச்சு. தேதி, நேரம், எந்த டிஸ்க்கை முதல்ல படிக்கணும்ங்கிறது எல்லாம் மறந்து போயிருக்கும். வீட்டுக்குக் கீழே கடையிலேயே கிடைக்கும், ஆனா அதுக்காக இப்ப நிக்க வேணாம். எஃப்1 அமுக்கு.

செல்வி: அண்ணன், பெருமாள் கோயில் மண்டபத்துக்கு எத்தனை பேருன்னு கேக்குறாங்க

ரவி: 400ன்னு சொல்லு

செல்வி: ஜொகூர் ஸ்கூடாய்க்காரங்களைச் சேத்தா சேக்காமலா?

ரவி: அக்கா

செல்வி: கேட்டேன் அவ்வளவுதான்

கார்த்தி: எஃப்1 அமுக்கினா இன்வேலிட் சிஸ்டம் டிஸ்க், ரீபிளேஸ் தி டிஸ்க்னு வருது. போச்சா? ஹார்ட் டிஸ்க் காலியா?

மணியம்: இல்ல இல்ல. ஃபிளாப்பி டிரைவைப் பாரு. உள்ளே ஏதாவது இருக்கா?

கார்த்தி: இருக்கு!!

மணியம்: அதான். பேட்டரி தீர்ந்ததும் பெட்டி அதோட பழைய வழக்கத்துக்குப் போயிடுச்சு. முதல்ல ஃபிளாப்பி, அப்புறம்தான் ஹார்ட் டிஸ்க். ஃபிளாப்பியில விண்டோஸ் இல்ல, அதனால அங்கேயே நிக்குது. எடுத்துட்டு ஏதாவது ஒரு கீயை அமுக்கு.

இலக்கியா: (படம்) ஃபிளாப்பி மேல தாத்தா கையெழுத்து. "குடும்பம், பிரதி 2"

செல்வி: அப்பா எழுத்து 🙏

ராஜம்மா பாட்டி: (குரல் பதிவு 0:21)

லதா: அத்தை அழறாங்க. நான் போய்ப் பாக்கறேன்

மணியம்: இலக்கி, அந்த ஃபிளாப்பியோட பின்பக்க மூலையில கறுப்பா ஒரு சின்னத் தள்ளு இருக்கும். ஓட்டை திறந்து தெரியுற மாதிரித் தள்ளிடு. அப்புறம் யார் எங்க போட்டாலும் அதுல இருக்கிறதை அழிக்க முடியாது. காந்தம் பக்கம் வைக்காதே. ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிடாதே.

கார்த்தி: ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுது

மணியம்: என்ன சத்தம்? கரகரன்னு சீரா வந்தா அது படிக்கிற சத்தம். டக், டக், டக்குனு ஒரே அளவுல அடிச்சுக்கிட்டே இருந்தா உடனே அணைச்சிடு. டிஸ்க்கைப் படிக்கிற தலை தட்டுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே இருக்கிறது போயிடலாம்.

கார்த்தி: கரகர

கார்த்தி: விண்டோஸ் 98!! மேகம் வந்துடுச்சு

ரவி: அப்பா இதை ஃபுனான் கம்ப்யூட்டர் மால்ல வாங்கின அன்னிக்கு டாக்சியில மடியிலேயே வச்சுக்கிட்டு வந்தாரு. டிக்கியில வைக்க விடல

மணியம்: நான்தான் கூட இருந்தேன்.

ரவி: தெரியும்ணே

மணியம்: அப்பா கப்பல் பழுது பாக்குற டாக்யார்டுல ஸ்டோர் கிளார்க். வெள்ளைக்காரன் செம்பவாங் டாக்யார்டை 1968ல் கைமாத்திக் கொடுத்தப்போ இருந்த சாமான் பட்டியல் முழுக்க அவர் கையெழுத்துன்னு சொல்லுவார். அந்தப் பழக்கத்துலதான் குடும்பத்தையும் எழுதினார். 1997ல் இங்கே தமிழ்நெட் கருத்தரங்கு நடந்து, கம்ப்யூட்டர்ல தமிழ் வரும்னு எல்லாரும் பேசின நேரம். தமிழ் இணைய முன்னோடி நா. கோவிந்தசாமி பேரைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார். அறுபது வயசுக்கு மேல தமிழ்த் தட்டச்சுக் கத்துக்கிட்டார். இந்தப் பெட்டியை யாரும் தூக்கிப் போடக்கூடாதுன்னு நான் சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

செல்வி: சரிண்ணே. நான் அன்னிக்கு இடம் இல்லேன்னுதான் சொன்னேன்

கார்த்தி: மாமா, டிஸ்க்கைச் சோதிக்கிற ஸ்கேன்டிஸ்க் ஓடட்டுமான்னு கேக்குது

மணியம்: வேண்டாம். எக்சிட் கொடு. அது சரி பண்றேன்னு டிஸ்க்ல எழுத ஆரம்பிக்கும். நகல் எடுக்கிற வரைக்கும் இந்த டிஸ்க்ல ஓர் எழுத்துகூட எழுதக்கூடாது. எதையும் சேவ் பண்ணாதே, புதுசா எதையும் போடாதே.

கார்த்தி: மை டாகுமெண்ட்ஸ்ல "குடும்பம்"னு ஒரு ஃபைல். திறக்கவா

ரவி: திற

மணியம்: திற. திறந்ததும் ஒவ்வொரு பக்கமாப் போன்ல படம் எடு. இது எல்லாப் பெட்டிக்கும் பொதுவான யூனிகோடு தமிழ் இல்ல, பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இருக்கிற பெட்டியில மட்டும்தான் தமிழாத் தெரியும். வேற எங்க கொண்டு போனாலும் அர்த்தமில்லாத எழுத்தா வரும். மாத்துற மென்பொருள் இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேத்து நகல் எடுக்கணும்.

இலக்கியா: (படம்) (படம்) (படம்)

இலக்கியா: படிக்கிறேன். "என் தந்தையார் கருப்பையா. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர்."

செல்வி: பேரு நான் சொன்னது

கார்த்தி: ஊரு பாட்டி சொன்னது

இலக்கியா: இன்னும் இருக்கு. "1936இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். கப்பல் சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் அவர் அண்ணன் பெருமாள். தன் பங்கு நிலத்தை அடகு வைத்துக் கொடுத்தார். பிறகு அவரும் ஜொகூர் வந்து எஸ்டேட்டில் சேர்ந்தார். இந்தக் கடனை என் பிள்ளைகள் மறக்கக்கூடாது."

மாலை 7:40

லதா: 🙏

செல்வி: அந்தப் பெருமாள் தாத்தா பேரன்தான் ஸ்கூடாய் அண்ணன்

மணியம்: ஆமாம்.

மணியம்: ரவி, படிச்சியா?

மணியம்: கோபம் உனக்கும் அவருக்கும் நடுவுல வந்தது. நிலம் அடகு வச்சது அதுக்கு முந்தின கணக்கு. பத்திரிகையில பங்காளிங்க வரிசையில அவங்க பேரு வரணும். இது என் அபிப்பிராயம்.

கார்த்தி: ரவி மாமா பாம் ஷெல்டருக்குள்ள ஏதோ தேடிக்கிட்டு இருக்காரு

லதா: கம்ப்யூட்டர் வந்த அட்டைப் பெட்டியைத் தேடுறாரு

ரவி: படிச்சேன்ணே. அப்பா சாவுக்கு அவங்க வரல. அதையும் யோசிக்கணும்

செல்வி: நாம சொல்லி அனுப்பினது மறுநாள். ஜொகூர் காஸ்வே ரோட்டுல நெரிசல் வேற. நான்தான் போன்ல பேசினேன், எனக்குத் தெரியும்

ரவி: அது எனக்குத் தெரியாது

செல்வி: கேட்டாத்தானே

மணியம்: அதை நேர்ல பேசிக்கலாம். கார்த்தி, இப்ப ஸ்டார்ட்ல போய் ஷட் டவுன் கொடு. அணைக்கலாம்னு ஆரஞ்சு எழுத்துல வரும், அது வந்த பிறகுதான் சுவிட்சை அணைக்கணும். சனிக்கிழமை நான் சிம் லிம் மாலுக்குப் போய், பழைய டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டர்ல இணைக்கிற ஐடிஇ யூஎஸ்பி அடாப்டர் வாங்கிட்டு வர்றேன். டிஸ்க்கைக் கழட்டி முழுசா நகல் எடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்துடறேன். அதுவரைக்கும் திரும்ப ஆன் பண்ண வேணாம். பழைய டிஸ்க் இன்னொரு தடவை சுத்தும்னு உறுதி கிடையாது.

கார்த்தி: ஓகே மாமா

லதா: நகல் எடுத்த பிறகு பெட்டி யார் வீட்டுக்கு?

மணியம்: என் வீட்டுக்கு.

ரவி: இங்கேயே இருக்கட்டும்ணே. ஹால்ல இடம் பண்றேன்

லதா: ஹால்லயா?

செல்வி: 😂

இலக்கியா: அப்பா, பத்திரிகை என்னப்பா? வெள்ளிக்கிழமை

ரவி: கருப்பையா, ஒரத்தநாடு. அது முடிவு

இலக்கியா: பங்காளிங்க வரிசை?

லதா: அச்சகத்துல திங்கள் வரைக்கும் அவகாசம் கேட்டுப் பாக்கறேன்

ரவி: கேளு

செல்வி: ஸ்கூடாய் அண்ணி நம்பர் என்கிட்ட இருக்கு. சனிக்கிழமை எல்லாரும் ஒண்ணா இருக்கும்போது போடறேன். யாரு பேசுறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க

ராஜம்மா பாட்டி: (குரல் பதிவு 0:34)

கார்த்தி: பாட்டி தானே பேசுறேன்னு சொல்றாங்க. அப்புறம் சனிக்கிழமை நண்டு வாங்கச் சொல்றாங்க