புதுப்பிப்பு: தொப்பூர் ஏற்றத்தில் நின்றுபோன ஜோங்கா, காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ராணுவ ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து நான் வாங்கிய பழைய ஜோங்கா (ராணுவத்துக்காகத் தயாரித்த ஜீப் வகை வண்டி), சேலத்திலிருந்து தர்மபுரி திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் அணைந்துவிடுகிறது, கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலரும் சொன்னபடி முதலில் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) மாற்றினேன். பலனில்லை. பெட்ரோல் பம்பும் சரியாகத்தான் இருந்தது. கைகொடுத்தது ஓசூர் அண்ணன் சொன்ன யோசனை: "வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்க." திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது!

மூடியில் இருக்கும் காற்றுத் துளையின் மேல் வருஷக்கணக்கில் பெயின்ட் அடித்து அடித்து அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தியபோது பச்சைச் செதில்களாக உதிர்ந்தது. காற்று நுழைய வழியில்லாமல் டேங்கில் வெற்றிடமாகி, பெட்ரோல் வரத்து நின்றிருக்கிறது. 3956 சிசி, ஆறு சிலிண்டர் என்ஜின். ஏற்றத்தில் அது குடிக்கிற வேகத்துக்கு அந்த அடைப்பு போதும். அப்புறம் மூன்று முறை ஏறிவிட்டேன், எங்கும் நிற்கவில்லை.

டீசல் என்ஜினுக்கு மாற்றச் சொன்ன நண்பர்கள் மன்னிக்கவும். இந்தப் பெட்ரோல் என்ஜின் சத்தத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எதிர்பாராதது ஒன்று. ஆர்சி புதுப்பிக்கப் போனபோது நிறத்தை மாற்றச் சொன்னார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121-இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். இப்போது மணல் நிறம். இந்த முறை துளையை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயின்ட் அடித்தோம்.